விருந்தாளிக்கு முதல் வரி

கம்ப்யூட்டர் சமாசாரம் என்றதும் எழுந்து போய்விடாதீர்கள், தங்கங்களா. காதுகுத்து வீட்டில் நடந்த கதை இது. கேசரி வாசம் கடைசிவரைக்கும் வரும்.

சிம்மக்கல்லில் கயிற்றுக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் இடையில், உடம்பை ஒருக்களித்தால்தான் நுழைய முடிகிற ஒரு கடை இருக்கிறது. கேமரா மாட்டுவது, வைஃபை போடுவது, ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை என்று பெரிய இடங்களுக்கு ஒயர் இழுத்து நெட்வொர்க் அமைத்துத் தருவது, இதெல்லாம் அங்கே வேலை. கடையை நடத்துகிறவள் ஹஃபீஸா. கோரிப்பாளையத்துப் பெண். ஏணியில் நின்றபடியே டீ குடிப்பாள், போன் பேசுவாள், வேலைக்கு விலையும் பேசி முடித்துவிடுவாள். அவள் போட்டுக் கொடுத்த நெட்வொர்க் மக்கர் செய்து யாரும் திரும்பக் கூப்பிட்டதில்லை என்று ஊருக்குள் ஒரு பேர். அந்தப் பேரைக் காப்பாற்ற அவள் படுகிற பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அந்தக் கடைக்குள் ஒரு நாள் பாண்டிமீனா நுழைந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் பத்திரிகை. ஹஃபீஸாவும் அவளும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. அன்றைக்குப் பிடித்த சிநேகிதம், ஒருத்தி அவனியாபுரத்துக்கு வாக்கப்பட்டுப் போன பிறகும் விட்டுப்போகவில்லை. பிள்ளை ரோகிணிக்கு வயது ஒன்று நிறையப்போகிறது. மொட்டை போட்டுக் காது குத்த ஒரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, அவனியாபுரத்தில் புதிதாகத் திறந்த மண்டபத்தையும் பேசி முடித்தாயிற்று. ஆனால் பாண்டிமீனா முகத்தில் விசேஷ வீட்டுக் களை இல்லை.

என்னவென்று கேட்டதும் கொட்டித் தீர்த்துவிட்டாள். அவள் ஊர்ப்பக்கம் காது குத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். அன்றைக்கு யார் மடியோ அவன்தான் காலத்துக்கும் மாமன். பாண்டிமீனாவுக்குக் கூடப் பிறந்தவன் ஒரே ஒரு தம்பி, அசோக்குமார். அவன் வளைகுடாக் கடலில் எண்ணெய் எடுக்கிற மேடையில் வேலை பார்க்கிறான். லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தம்பி வரவில்லை என்ற சேதி கசிந்ததுதான் தாமதம், செக்கானூரணிப் பெரியப்பா மகன் பட்டு வேட்டி எடுத்துவிட்டார். அதைக் கேள்விப்பட்டுக் கருமாத்தூர்ச் சித்தப்பா மகனும் எடுத்துவிட்டார். இரண்டு பேருக்கும் ரோகிணி மேல் கொள்ளை ஆசை. அதில் பாதி, மற்றவன் மடி நிறையக் கூடாதே என்கிற ஆசை. ஒருவரைச் சொன்னால் இன்னொருவர் பந்தியில் கை நனைக்காமல் போய்விடுவார்.

கடைசியில் பாண்டிமீனாவின் புருஷனுக்குப் பெரியப்பா அழகுமலை ஒரு தீர்ப்புச் சொன்னார். மாமன் வர முடியாவிட்டால் மாமனே வாய் திறந்து இன்னார் மடி என் மடி என்று சொல்லட்டும், சபை ஒத்துக்கொள்ளும். ஆனால் முன்னாலேயே பேசிப் பிடித்து அனுப்புகிற வீடியோ செல்லாது. நாம் கேட்க வேண்டும், அவன் அந்த நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். அதுவும் பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறதற்குள். அப்படி அவன் வராவிட்டால் அண்ணன்மார் இரண்டு பேர் பேரையும் எழுதிச் சீட்டுக் குலுக்கிவிடுவது.

“சீட்டுல எந்தப் பேரு வந்தாலும் என் தம்பி பேரு இல்லைல ஹஃபி,” என்றாள் பாண்டிமீனா. “மண்டபத்துல பெருசா ஒரு சுவர் வைக்கிறாக, படம் காட்டுறது. அதுல அவன் முகம் தெரியணும். நான் தம்பின்னு கூப்ட்டா அவன் ஏங்க்கான்னு கேக்கணும். அம்புட்டுத்தான் எனக்கு.”

ஹஃபீஸா சரி என்றாள். கிளம்பும்போது பாண்டிமீனா திரும்பி நின்று விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனாள். வேலை எல்லாம் முதல் நாளே முடிந்துவிட வேண்டுமாம். விசேஷத்தன்றைக்கு ஏணியும் கையுமாக வந்து நின்றால் முகத்திலேயே முழிக்க மாட்டாளாம். பட்டுக் கட்டிக்கொண்டு விருந்தாளியாக வர வேண்டுமாம்.

வியாழக்கிழமை மத்தியானம் ஹஃபீஸா மண்டபத்துக்குப் போனாள். அதன் மேனேஜர் விருமாண்டி, அய்யனார் சிலைக்கு இருக்கிற மாதிரி மீசை, அதற்குச் சம்பந்தமே இல்லாத குழைந்த குரல். வாசலில் யார் வந்தாலும் பத்திரிகை இருக்கிறதா, எந்த வீட்டு ஆள் என்றெல்லாம் கேட்க மாட்டார். வாங்க வாங்க என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சந்தனக் கிண்ணத்தை நீட்டிவிடுவார். ஒயர் இழுக்க வந்த ஹஃபீஸாவுக்கும் சந்தனம் நீட்டினார்.

சமையற்கட்டை ஒட்டிய சாமான் அறையில், சுவரில் உயரத்தில் ஸ்விட்ச் இருந்தது. விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை, இது வேறே. முழ நீளத்தில் இரும்புப் பெட்டி, முன்பக்கம் வரிசையாகப் பொந்துகள். மண்டபத்துக் கேமரா, படம் காட்டுகிற எல்.இ.டி. சுவர், லேப்டாப், வைஃபை எல்லாவற்றின் ஒயரும் அங்கேதான் வந்து சேரும். எது எங்கே போக வேண்டுமோ அங்கே அனுப்பிவைக்கும். கோரிப்பாளையம் முக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். முக்கில் போலீஸ்காரர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அந்தப் போலீஸ்காரர் வேலைக்குத்தான் இந்தப் பெட்டிக்குள் ஒரு பட்டியல் எழுதி வைப்பார்கள். இவனை விடு, அவனைத் தடு என்று வரி வரியாக. ஆக்சஸ் லிஸ்ட் என்று அதற்குப் பேர்.

அந்தப் பட்டியலுக்கு ஒரு குணம் உண்டு. வருகிறவனை மேலேயிருந்து ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்க்கும். எந்த வரி முதலில் பொருந்துகிறதோ அதோடு தீர்ந்தது வழக்கு. அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்துகூடப் பார்க்காது. இன்னொரு குணம், எந்த வரியிலும் சேராதவனை ஒன்றும் சொல்லாமல் வாசலோடு அனுப்பிவிடும். பத்திரிகையில் பேர் விட்டுப்போன பங்காளியை நாமென்றால் கையைக் காலைப் பிடித்தாவது கூட்டி வருவோம். அதற்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ஹஃபீஸாவுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. சுவரை வாடகைக்குக் கொண்டுவந்தவர்கள், விருந்தாளிகள் தங்கள் போனிலிருந்தே அதற்குப் படம் அனுப்பட்டும் என்று மூலையில் ஸ்கேன் செய்கிற கட்டம் ஒன்றை ஓடவிட்டிருந்தார்கள். அதை எடுக்க முடியுமா என்று கேட்டால், அது சுவரோடு வருவது என்றார்கள். ஆளாளுக்குப் படம் அனுப்பினால் அசோக் முகம் எங்கே நிற்கும்? அதனால் பட்டியலை இப்படி எழுதினாள். பத்தாம் எண், மேடை ஓரத்தில் சபையைப் பார்த்து வைத்த, அசோக் பேசப்போகிற லேப்டாப் எங்கேயும் போகலாம், விடு. இருபது, விருந்தாளி வைஃபையிலிருந்து சுவருக்குப் போனால் தடு. முப்பது, விருந்தாளி கேமராவையோ இந்த ஸ்விட்ச்சையோ தொட்டால் தடு. நாற்பது, மற்றபடி எல்லாரும் எங்கேயும் போகலாம், விடு. பத்துப் பத்தாக எண் போடுவது அவள் வழக்கம். நடுவில் ஒரு வரி சொருக வேண்டி வந்தால் இடம் வேண்டுமே. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், வாட்ஸ்அப்பில் எழுதுகிற மாதிரி இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்க் குறிப்பும் போட்டாள். மண்டபம் விருமாண்டியுடையது, பாஸ்வேர்டு அவர் கையில் இருக்க வேண்டும், அவருக்கும் புரிய வேண்டும்.

அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். சரித்தா என்றார். அந்தச் சரித்தாவில் ஒரு இழுவை இருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கடலுக்கு நடுவே இருக்கிற அசோக்கைக் கூப்பிட்டுச் சுவரில் ஏற்றிப் பார்த்தாள், அவன் கை ஆட்டினான். அந்தத் திருப்தியோடு கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை மண்டபம் நிறைந்து வழிந்தது. ஹஃபீஸா கத்தரிப்பூக் கலர்ப் பட்டுக் கட்டி முக்காடு போட்டு, சொன்ன மாதிரியே விருந்தாளியாக முன்வரிசையில் உட்கார்ந்தாள். பழக்கம் விடுமா, பைக்குள் லேப்டாப் இருந்தது. போனையும் லேப்டாப்பையும் எல்லாரையும் போல மண்டபத்து வைஃபையில் சேர்த்துக்கொண்டாள்.

சுவரில் அசோக் முகம் வந்தபோது எழுந்த குலவைச் சத்தத்தில் ரோகிணியே மிரண்டுபோனாள். ஆள் உயரத்தில் பாதி உயரம் அவனுடைய மூக்கே இருந்தது. பாண்டிமீனா மேடையில் நின்று அவனை அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருக்கும்போதே அவன் மறைந்து, அந்த இடத்தில் ஒரு காளை வந்து நின்றது.

நல்ல காளைதான். பொங்கலன்றைக்கு வாடிவாசலில் ஒருத்தனையும் கிட்ட விடாத காளை. வாடிப்பட்டிப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர், மூலையில் இருந்த கட்டத்தை ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டார். சபை விசில் அடித்தது. காளை போய் அசோக் திரும்பி வந்து அக்கா என்று வாயைத் திறந்தான், அதற்குள் இன்னொருவர் வீட்டுக் காளை, இது அதைவிடப் பெரிய திமில். அப்புறம் பார்க்க வேண்டுமே கூத்தை! காளை இல்லாதவர்கள் கிடாயை ஏற்றினார்கள். கிடாய் இல்லாதவர்கள் பேத்தி ஆடிய ஆட்டத்தை ஏற்றினார்கள். ஒரு அம்மாள் ரோஜாப் பூவோடு இனிய காலை வணக்கம் என்று அனுப்பினாள். அசோக் நடுநடுவே ரோஜாப் பூவுக்கும் கிடாய்க்கும் இடையில் எட்டிப் பார்த்து எதையோ சொல்ல வருவான், பாதி வார்த்தையில் போய்விடுவான். ஊரே சிரித்தது. பாண்டிமீனாவுக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பெரியப்பா அழகுமலை கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. கீழே செக்கானூரணி அண்ணன் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டு மேடை ஏறினார். கருமாத்தூர் அண்ணன் அவருக்கு முன்னாலேயே ஏறி மணைப்பலகைப் பக்கம் நின்றார்.

ஹஃபீஸா லேப்டாப்பை மடியில் திறந்தாள். தடுக்க வேண்டியதைத் தடுக்காமல் எப்படி விட்டது? பட்டியலைப் பார்த்ததும் புரிந்தது. கடைசி வரியாக அவள் எழுதிவிட்டுப் போன ‘எல்லாரும் எங்கேயும் போகலாம், விடு’ முதல் வரியாக வந்து உட்கார்ந்திருந்தது. முதல் வரியே எல்லாரையும் விடச் சொன்னால் கீழே இருக்கிற தடைகளை யார் படிப்பார்கள்?

அவசரம் யாரை விட்டது. அந்த வரியை மேலேயிருந்து எடுத்துவிட்டுக் கீழே போட்டுவிடலாம் என்று எடுத்தாள். கீழே முதலில் போட்டுவிட்டு அப்புறம் மேலே எடுக்க வேண்டும், அதுதான் முறை. கடையில் வேலை பழக வருகிறவர்களுக்கு அவளே நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

எடுத்த மாத்திரத்தில் லேப்டாப்பில் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. விருந்தாளி இந்த ஸ்விட்ச்சைத் தொட்டால் தடு. எழுதியது யார்? இன்றைக்கு விருந்தாளி யார்? தான் போட்ட பூட்டுக்குத் தானே வெளியே நின்றாள் ஹஃபீஸா.

அதோடு போகவில்லை. எல்லாரும் என்கிற அந்த வரியின் நிழலில்தான் அந்தச் சுவரும் ஒதுங்கியிருந்தது. சுவருக்கென்று தனியாக ஒரு வரியும் இல்லை. எந்த வரியிலும் சேராதவர்களில் இப்போது அதுவும் ஒன்று. சுவர் நீலமாக வெறித்தது. காளையும் இல்லை, ரோஜாவும் இல்லை, அசோக்கும் இல்லை. விருந்தாளிகள் போனிலும் நெட் நின்றுபோய், அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நீ எப்ப வந்தே, நான் உன்னையப் பாக்கவே இல்லையே என்று அங்கங்கே விசாரிப்பு கிளம்பியது. அது வரைக்கும் நல்லதுதான்.

பாண்டிமீனா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். மேடையில் பெரியப்பா வெற்றிலையைக் கிழித்து, இரண்டு துண்டில் இரண்டு பேர் எழுதப் பேனா கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்னடி ஆச்சு?”

“என்னைய நானே வெளிய தள்ளிட்டேன்டி.”

“வெளையாடாத.”

“சத்தியமா. நேரா பெட்டிக்கிட்டயே போயிட்டு வாரேன். பெரியவரப் பேனா தேட விடு. கிடைச்சாலும் எழுதாத பேனாவாக் குடு.”

முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓடினாள். பட்டுச் சேலைக்காரி ஒருத்தி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பந்திக் கூடத்தைத் தாண்டிச் சமையற்கட்டுக்குள் பாய்ந்ததைப் பார்த்து, வடை சுட்டுக்கொண்டிருந்தவர்கள் கேசரி தீர்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டார்கள். பின்னாலேயே விருமாண்டியும் வந்தார்.

சாமான் அறையில் ஏணி இல்லை. வாசல் தோரணம் கட்டப் போயிருந்தது. பெட்டியோ கைக்கு எட்டாத உயரத்தில். கடலை மாவு மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு அண்டா கழுவிக் கவிழ்த்திருந்தது. அதன்மேல் ஏறிவிட்டாள். அது பாயச அண்டாத்தா என்று சமையற்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. இவள் இறங்குகிற நிலையில் இல்லை.

அந்தப் பெட்டியில் நேராக ஒயர் சொருகிப் பேசுகிற பொந்து ஒன்று உண்டு. வைஃபை வேண்டாம், எந்தப் பட்டியலும் அந்த வழியைத் தடுக்காது. வீட்டுக்காரன் கொல்லைக் கதவு மாதிரி. பைக்குள் அந்த நீல ஒயர் எப்போதும் கிடக்கும். ஒயரைச் சொருகியாயிற்று, லேப்டாப்பை எங்கே வைப்பது? விருமாண்டி துண்டைச் சும்மாடு கட்டித் தலையில் வைத்து, முளைப்பாரி வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் லேப்டாப்பை வாங்கித் தலைமேல் நிறுத்திக்கொண்டார். அண்டா மேல் நின்ற ஹஃபீஸாவுக்கு அது சரியான உயரம்.

அவள் தட்ட ஆரம்பித்ததும் கீழேயிருந்து அந்தக் குழைந்த குரல் வந்தது.

“ஆத்தா, நான்தான் அந்த வரிய மேல ஏத்துனேன்.”

“நீங்களா? ஏன்ணே?”

“மொத வரி மாப்ள பேரு, சரி. அதுக்குக் கீழ விருந்தாளி தடு. அதுக்கும் கீழ விருந்தாளி தடு. எல்லாம் முடிஞ்ச பெறகு ஒப்புக்கு எல்லாரையும் விடு. நான் வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கும்பிடுறேன், உள்ள இது தடு தடுங்குது. மனசு கேக்கல. மொதல்ல வாங்கன்னு சொல்லுவோம், அப்பறம் சொல்ல வேண்டியத நைசாச் சொல்லிக்குவோம்னு அம்புக்குறிய அமுக்கி மேல ஏத்திட்டேன்.”

ஹஃபீஸாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நியாயமாக வந்திருக்க வேண்டும். ஆனால் தலையில் லேப்டாப்பைச் சுமந்துகொண்டு, மீசையும் குற்றமுமாக நிற்கிற அந்த மனிதரைப் பார்த்ததும் வயிற்றிலிருந்து சிரிப்புப் பொங்கிவிட்டது. அவள் சிரித்த சிரிப்பில் அண்டா ஆடியது. விழாமல் இருக்க மாவு மூட்டையைப் பிடித்தாள், வாய் கட்டாத மூட்டை, கத்தரிப்பூப் பட்டில் பாதி கடலை மாவாகிவிட்டது. அவள் சிரிப்பதைப் பார்த்து அவருக்கும் சிரிப்பு வர, தலையை ஆட்டாதீங்கண்ணே என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

நாற்பதாம் எண்ணைக் கடைசியில் எழுதினாள். எல்லாரும் எங்கேயும் போகலாம், விடு. ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் மண்டபத்திலிருந்து ஒரு இரைச்சல் எழுந்து சமையற்கட்டுவரை வந்தது. அசோக் வந்துவிட்டான். இந்தத் தடவை காளை வந்து அவனைத் தள்ளவில்லை.

ஒயரைப் பிடுங்கப் போனவள் நின்றாள். நாளைக்கும் விருமாண்டி இந்த மண்டபத்தில்தானே நிற்கப்போகிறார், இந்தப் பட்டியலும் அவரோடுதானே இருக்கப்போகிறது. பத்துக்கு முன்னால் ஒன்று முதல் ஒன்பதுவரை எண்கள் காலியாகக் கிடந்தன. போட்டோக்காரர் எடுக்கிற படங்களைச் சேர்த்து வைக்கிற பெட்டி ஒன்று மண்டபத்தில் இருந்தது. யார் பார்த்தாலும் ஒரு கேடும் இல்லாத பெட்டி. ஐந்தாம் எண் போட்டு எழுதினாள். விருந்தாளி போட்டோப் பெட்டிக்குப் போகலாம், விடு.

“அண்ணே, இப்ப மொத வரியே விருந்தாளிக்குத்தான். வாங்க, வந்து உங்க போட்டோவப் பாருங்கன்னு சொல்லுது. தடுக்குற வரி கீழதான் இருக்கு. இனி அம்புக்குறிய அமுக்க மாட்டீகளே?”

“அமுக்குவேனா?” என்றார் விருமாண்டி. “இப்பத்தான்த்தா அது நம்ம மண்டபத்துப் பெட்டி.”

அவள் திரும்பி ஓடி வந்தபோது மேடையில் பெரியப்பா அழகுமலை எழுதாத பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு, சுவரில் இருந்த பெரிய முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“மாப்ள, இது இப்ப நீ பேசுறதுதானா? இல்ல மொதல்லயே பிடிச்சு வச்சதப் போடுறாகளா?”

அசோக் சிரித்தான். சுவர் முழுக்கப் பல்லாக இருந்தது.

“மாமா, உங்களாலதான் என்னையப் பாக்க முடியல. நான் இம்புட்டு நேரமும் எல்லாரையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். செக்கானூரணி அண்ணே ரெண்டு தட்டு கேசரி சாப்பிட்டுட்டுத்தான் மேடைக்கு வந்தாரு. கருமாத்தூர் அண்ணே மணைப்பலகையக் காலால தன் பக்கம் இழுத்தாரு. நீங்க எழுதாத பேனாவ நாக்குல தொட்டுத் தொட்டு எழுதிப் பாத்தீக, உதடெல்லாம் நீலமா இருக்கு.”

பெரியப்பா உதட்டைத் துடைத்துக்கொண்டார். அதுவே சாட்சி. அவன் பேசுகிற லேப்டாப்புக்குத் தனி வரி இருந்ததால், சுவர் செத்துக் கிடந்தபோதும் அந்த லேப்டாப்பின் கேமராக் கண் மூடவே இல்லை. அவ்வளவும் கடலைத் தாண்டிப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. அண்ணன்மார் இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சபை உருண்டு புரண்டு சிரித்தது. பாண்டிமீனா பிள்ளையோடு மேடை ஏறிச் சுவருக்கு முன்னால் வந்து நின்றாள். எவ்வளவோ சொல்ல வேண்டும் என்று வைத்திருந்திருப்பாள்.

“தம்பி,” என்றாள்.

“ஏங்க்கா,” என்றான் அவன்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. பெரியப்பாதான் தொண்டையைச் செருமி, நேரமாகுது மாப்ள, யார் மடி உன் மடி, சபையில சொல்லு என்று கேட்டார். அண்ணன்மார் இருவரும் நிமிர்ந்தார்கள்.

மேடைக்குக் கீழே கொஞ்சம் தள்ளி, முழங்கால்வரை கடலை மாவோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவளை அசோக் பார்த்தான்.

“மாமா, என் முகம் போனதும் எனக்காக ஓடுனது ஒரே ஆளு. பட்டுச் சேலைய வரிஞ்சு கட்டிக்கிட்டு அந்தப் பக்கமா ஓடுனதையும் பாத்தேன், இப்ப வந்து நிக்கிறதையும் பாக்குறேன். ஹஃபிக்கா மடிதான் என் மடி. அதுலயே உக்காத்துங்க.”

கூட்டத்தில் யாரோ, பொம்பளைப் பிள்ளை மடியா, அதுவும் அவுக வீட்டுப் பிள்ளையா என்று இழுத்தார். பெரியப்பா அழகுமலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மாமன் சொல்லணும்னு கேட்டது நாம. மாமன் சொல்லிட்டான். பெறகென்னய்யா, பலகையப் போடுங்க.”

கருமாத்தூர் அண்ணன்தான் முதலில் சிரித்தார். நமக்குள்ள அடிச்சுக்கிட்டதுக்கு இது தேவலைண்ணே என்று செக்கானூரணி அண்ணன் தோளில் கை போட்டார். அவர் இவர் கையைத் தட்டிவிடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தே மணைப்பலகையைத் தூக்கி வந்து நடுவில் போட்டார்கள்.

ஏணி உச்சியில் நின்றபடியே விலை பேசி முடிக்கிற ஹஃபீஸா, இங்கே சேலையில் இருந்த மாவைத் தட்டித் தட்டிப் போகாததைப் பார்த்து முழித்தாள். இப்படியேவா, மாவாக இருக்கிறதே என்றாள். பாண்டிமீனா இறங்கி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது, வாயெல்லாம் சிரிப்பு.

“விருந்தாளியா வாடின்னா, மாமனாவே வந்து நிக்கிற. உக்காரு.”

உட்கார்ந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் மினுங்க ரோகிணி அந்த மடியில் இறங்கி, முதல் காரியமாக முக்காட்டுத் துணியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். ஆசாரி கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். யாரோ பிள்ளை வாயில் கற்கண்டைப் போட்டார்கள். பிள்ளையை எப்படிப் பிடிக்க வேண்டும், தலையை எங்கே சாய்க்க வேண்டும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சுவரிலிருந்து அசோக்கும் சொன்னான். ஹஃபீஸா எதையும் கேட்காமல் அந்தச் சின்னத் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒன்றும் இல்லடா, ஒன்றும் இல்லடா என்று தனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டாள்.

ஊசி ஏறியது. பிள்ளை வீல் என்றது. குலவை கிளம்பியது. அடுத்த காதுக்குத் திருப்புவதற்குள் ஹஃபீஸா ஐயோ என்று குனிந்து மடியைப் பார்த்தாள். கத்தரிப்பூப் பட்டில் கடலை மாவு கரைந்து, ஒரு வெதுவெதுப்பான ஓடை பலகைவரை ஓடிக்கொண்டிருந்தது.

சபை அதைப் பார்த்துவிட்டது. பெரியப்பாவும் பார்த்துவிட்டார். கடலுக்கு நடுவே இருக்கிறவனும் பார்த்துவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அசோக், சுவர் அதிர வாய் விட்டுக் கத்தினான்.

“அக்கா, அது எனக்கு வர வேண்டியது!”

அந்த மண்டபத்தில் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு கடல்வரைக்கும் கேட்டிருக்கும் என்று சொல்லலாம். கேட்கத்தான் செய்தது. அங்கே அவனைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்த, ஒரு வார்த்தை தமிழ் தெரியாத நாலைந்து பேரும் சேர்ந்து சிரித்ததை, இங்கே எல்லாரும் சுவரில் பார்த்தார்கள்.